கடலில் சுழியோடிவிட்டு மலைக்கு வருகிறவர்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரைப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிற பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள். வாசிக்க முடியாத அம்மாமாருக்கு வீட்டில் இருக்கிற யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

போன வருடம் ஜூலை மாதம். ஹட்டனில் வழக்கமான மழை. பாடசாலை விட்டு வெளியே வருகிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் குடையோடு ஓர் அம்மா நிற்கிறார். என்னுடைய பழைய மாணவன் ஒருவனின் தாய். நானுஓயா பக்கத்துத் தோட்டம். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, கொழுந்து மலையிலிருந்து நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார். படங்கு கட்டியிருந்த இடத்தில் சேலை நனைந்தே இருந்தது.

"சேர், எங்க பய ஒங்க பேச்சத்தான் கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க சேர்."

"எதை வேணாம்னு சொல்லணும்?"

"நெலாவெளியில சுறா மீனோட தண்ணிக்குள்ள முங்குற வேலையாம். படம் வேற அனுப்பியிருக்கான். எனக்கு மூணு நாளா தூக்கம் இல்ல."

போனை நீட்டினார். முதுகில் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, நீலத் தண்ணீர். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து 'எல்லாம் சரி' என்று காட்டுகிறான். அவனுக்குப் பின்னால் தூரத்தில் மங்கலாக ஒரு நிழல். அதுதான் சுறா என்று கீழே எழுதியிருந்தான்.

இந்தப் பையன் சாதாரண தரம் இரண்டு தடவை எழுதியவன். கணிதம் கைகொடுக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் ஒரு வருடம் நின்றான். பிறகு நிலாவெளியில் ஹோட்டல் குசினி. அதன்பிறகு உல்லாசப் பயணிகளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் ஓர் இடத்தில் சிலிண்டர் தூக்கும் வேலை. அங்கேதான் நீந்தப் பழகினான். இப்போது சுழியோடவும் பழக்குகிறார்கள். பழகி முடித்தால் சம்பளம் கூடும்.

"பேசுறேன் அம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், 'விட்டுவிட்டு வா' என்று சொல்லத்தான் அப்போது நினைத்திருந்தேன். சுறாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவுதான். ஒன்று, 1975-இல் வந்த 'ஜோஸ்' படம். மற்றது, டவுன் கடையில் தொங்கும் சுறாக் கருவாடு.

ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போனோம். இங்கே மழை கொட்டும் அந்த மாதங்களில்தான் அங்கே கடல் அமைதியாக இருக்கும். பையனை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்பதும் என் திட்டத்தில் இருந்தது.

நான் வாயைத் திறக்கும் முன்னமே அவன், "சேர், மொதல்ல வந்து பாருங்க, அப்புறம் ஏசுங்க" என்றான்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது. 1963-இல் சரணாலயமாக அறிவித்து, 2003-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆக்கிய இடம். படகில் கூட்டிப்போனான். எனக்குச் சிலிண்டர் எல்லாம் கிடையாது. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மிதப்பு அங்கியும் மட்டும். முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்க வேண்டியதுதான். பிஸ்மி சொல்லித்தான் இறங்கினேன். என் கையைக் கடைசி வரை அவன் விடவில்லை. வகுப்பில் நான் தலையில் குட்டிய பையன் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். அவன் என் கையை ஒருமுறை அழுத்தி விரலை நீட்டினான். செட்டை நுனி கறுத்த சுறா. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நீளம் இருக்கும். பவளப் பாறைக்கு மேலே வந்தது. எங்களைக் கண்டதும் ஒரு வளைவு போட்டுத் திரும்பிப் போய்விட்டது. தோட்டத்து நாய்கூட நம்மைக் கண்டால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கும். என் நெஞ்சு அடித்த அடி அதற்குக் கேட்டிருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

கரைக்கு வந்ததும் வாத்தியார் மாதிரி எனக்குப் பாடம் எடுத்தான். இந்தச் சுறா இரண்டு மீற்றருக்கு மேல் வளராது. சின்ன மீன்தான் சாப்பாடு. துரத்தக்கூடாது, பாறை இடுக்கில் மடக்கக்கூடாது, சாப்பாடு போடக்கூடாது, குத்திய மீனைக் கையில் வைத்துக்கொண்டு நீந்தக்கூடாது. பவளத்தில் கால் வைக்கவும் கூடாது.

அன்று இரவு அறையில் இருந்து இது பற்றித் தேடி வாசித்தேன். உலகம் முழுவதும் சுறாக் கடிகளைப் பதிவுசெய்யும் ஒரு கோப்பு அமெரிக்காவில் புளோரிடா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய கணக்கில் 2024-ஆம் ஆண்டில், மனிதர் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் உலகம் முழுவதற்கும் 47. அவற்றில் இறந்தவர்கள் 4 பேர். அதே உலகத்தில் 2021-ஆம் ஆண்டில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் வருடத்துக்குச் சுமார் 10 கோடிச் சுறாக்களைக் கொல்கிறோம் என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. 'ஜோஸ்' கதையை எழுதியவரே பிற்காலத்தில் வருத்தப்பட்டு, சுறாக்களைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறார்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. பஹாமாஸில் 2008-இல், இரை போட்டுச் சுறாக்களை வரவழைத்துக் காட்டிய பயணத்தில் ஒரு சுழியோடி இறந்தார். கொஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவில் 2017-இல் புலிச்சுறா கடித்து ஒரு பெண் சுழியோடி இறந்தார். பெரிய இனங்கள் வேறு, நம் புறாத்தீவுச் சுறா வேறு. இரை போட்டு வரவழைப்பது வேறு, அது தன் பாட்டில் போவதைத் தள்ளி நின்று பார்ப்பது வேறு.

இந்தப் பயம் புதிதும் இல்லை. வாப்பா வழியில் எங்கள் பூர்வீகம் கீழக்கரை. கீழக்கரை முஸ்லிம்கள் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புத் தொடங்கும் முன் 'கடல்கட்டி' என்று ஒருவர் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். அவர் வராமல் ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வந்தபோதே, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1861-இல் வந்த தன் புத்தகத்தில் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். அப்போதிருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். ஆனாலும் இந்துக்களும் முஸ்லிம்களும் அவரை நம்பியே இறங்கினார்கள். இன்னொன்று, ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த முத்துக்குளிப்புகளில் சுறா கடித்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுக்கு மேல் இல்லை. அத்தனை படகு, அத்தனை ஆள், அத்தனை சத்தத்தில் சுறா விலகிப் போயிருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

இதையெல்லாம் வாசித்ததும் மனம் லேசாகிவிட்டது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்துவிட்டேன். அடுத்த நாளே ஊருக்குத் திரும்பியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்த நாள், புதன்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பையன் ஒரு புத்தகத்தோடு வந்தான். சுழியோடும் பயிற்சிப் புத்தகம், முழுக்க ஆங்கிலம். "பரீட்ச வருது சேர். கொஞ்சம் வெளங்கப்படுத்துங்க. அங்க வேகமா சொல்லிட்டு போயிடுறாங்க, எனக்கு பாதிதான் புரியுது." இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் போனோம்.

மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக மேலே வர வேண்டும், மேற்பரப்புக்கு வருமுன் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பிறகு, சுழியோடிய பின் விமானத்தில் போவது பற்றி ஒரு பகுதி வந்தது. "இது வெள்ளக்காரங்களுக்கு சேர், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போனான்.

அதற்குக் கீழே இருந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. விமானம் மட்டுமல்ல, சுழியோடிவிட்டு உயரமான இடத்துக்கு வாகனத்தில் ஏறிப்போவதும் அதே ஆபத்துத்தான் என்று எழுதியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பதினெட்டு மீற்றரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றில் இருக்கும் நைதரசன் வழக்கத்தை விட அதிகமாக இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சோடு வெளியேறும். கரைக்கு வந்த பிறகும் பல மணி நேரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது முழுதாக வெளியேறுமுன் வெளி அழுத்தம் இன்னும் குறைந்தால்? சோடாப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் நுரைக்கிறதே, அதுபோலத்தான். நைதரசன் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி. முள்ளந்தண்டில் வந்தால் கால் விளங்காமல் போகலாம்.

மலைக்கு ஏறினால் அழுத்தம் குறைகிறது என்பதற்கு நமக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. கொழும்பில் வாங்கிய மிக்சர் பைக்கற் நுவரெலியா வந்ததும் பலூன் மாதிரி ஊதி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியாவின் உயரம் 6,128 அடி, அதாவது 1,868 மீற்றர். விமானத்தில் கால் வைக்காத நம் சனம் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்தில்தான் பிறந்து வளர்கிறது.

வெள்ளைக்காரர்களுக்கான பாடம் என்று அவன் புரட்டப் போன பக்கம், அந்தக் கடற்கரையில் வேறு யாரையும் விட அவனுக்குத்தான் தேவையாக இருந்தது.

"நீ எப்ப ஊருக்குப் போற?" என்று கேட்டேன்.

"சனிக்கெழம சேர். ஞாயித்துக்கெழம அக்காவுக்கு கல்யாணம்ல. காலையில ரெண்டு தடவ எறங்கிட்டு, பதினொன்றரைக்கு முடிச்சிட்டு, வேன்ல ஏறினா ராத்திரி ஒம்பதுக்கு வீட்டுல."

"இதுக்கு முதல் அப்படிப் போயிருக்கியா?"

"போன மாசம் ஒரு தடவ."

"போனதும் உடம்புக்கு ஏதாவது செஞ்சிச்சா?"

கொஞ்சம் யோசித்தான். "தோள்பட்ட விட்டுப்போன மாதிரி வலி சேர். வெரலெல்லாம் வெறவெறன்னு இருந்திச்சு. சிலிண்டர் தூக்குனதுனு நெனச்சேன். அம்மா சித்தாலேப தடவி விட்டாங்க. ரெண்டு நாள்ல சரியாயிருச்சு."

என் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

அது இந்த நோய்தானா என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. சிலிண்டர் தூக்கிய வலியாகவும் இருக்கலாம். அடுத்த நாள் திருகோணமலையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆனால் அந்த நேரத்திலேயே வந்திருக்க வேண்டும் என்றார். இன்னொரு தடவை வந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதே என்றும் சொன்னார்.

எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் சுறாவைப் பற்றி மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'உன் வீடு எங்கே?' என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், நானுஓயா எவ்வளவு உயரம் என்று கடற்கரையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அழுத்தம் கூடினால் வாயு அதிகமாகக் கரையும் என்று வகுப்பில் சோடாப் போத்தலைத் திறந்து காட்டியவன் நான். இவனும் அந்த வகுப்பில் இருந்தவன்தான். அந்தப் போத்தல் நம் உடம்பாகவும் இருக்கலாம் என்று நானும் ஒருநாளும் சொன்னதில்லையே.

பயிற்சி நிறுவனங்கள் விமானப் பயணத்துக்குச் சொல்லும் பொதுவான அளவு இது. ஒரே ஒரு தடவை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம். பல தடவை அல்லது பல நாள் சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். நம் மலைக்கும் அதையே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கணக்குப் போட்டோம். சனிக்கிழமை பதினொன்றரைக்கு முடித்தால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு முன் கிளம்ப முடியாது. அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையோடு நிறுத்தினால் சனிக்கிழமை காலையில் தாராளமாகக் கிளம்பலாம்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம் வருகிற நாள். லீவு கேட்டதற்கு முகம் காட்டியிருக்கிறார்கள். அந்த நாள் சம்பளமும் போயிற்று. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணத்தில் அவன் ஓடியாடிப் பந்தி பரிமாறினான். தோள்வலி இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பந்தி முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுறா என்னா சேர் சொல்லுது?" சுறா தன் பாட்டில் போகிறது என்று சொல்லிவிட்டு, மலையைப் பற்றிச் சொன்னேன். மிக்சர் பைக்கற் உதாரணம் உடனே பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, அவன சீக்கிரம் வாடா சீக்கிரம் வாடான்னு நான் போன் போட்டது தப்பா சேர்?"

அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைச் சீக்கிரம் வரச்சொல்வது தப்பு என்று எந்தத் தாயிடம் சொல்வது? "இனிமே, எத்தனை மணிக்குத் தண்ணியை விட்டு ஏறினேன்னு கேட்டுட்டு, பிறகு வரச்சொல்லுங்க அம்மா" என்றேன்.

இப்போது உங்களுக்கு. நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கரையோர ஹோட்டல்களில் இருக்கிறார்கள். இவனைப் போல இன்னும் எத்தனை பேர் கடலில் இறங்குகிறார்களோ. சுற்றுலா போய், ஆசைக்கு ஒரு தடவை சிலிண்டரோடு இறங்கிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக:

1. மேலே மிதந்து மூச்சுக்குழாயால் பார்ப்பதற்கு இந்த ஆபத்து இல்லை. அன்றே மலைக்கு வரலாம். ஆனால் மிதப்பு அங்கி இல்லாமல் இறங்காதீர்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைத் தினமும் பார்த்தாலும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நீந்தத் தெரியாது.

2. சிலிண்டரோடு சுழியோடினால், கடைசியாகத் தண்ணீரை விட்டு ஏறிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல தடவை என்றால் 18 மணி நேரம் கழியுமுன் மலைக்கு ஏற வேண்டாம். 300 மீற்றர் உயரம் தாண்டினாலே கவனம் தேவை என்கிறார்கள். மாத்தளையிலேயே அது தாண்டிவிடும். கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர். ஹட்டன் 1,271.

3. சுழியோடப் பழகும் முதல் நாளே, பயிற்றுவிப்பவரிடம் 'என் வீடு இவ்வளவு உயரத்தில் இருக்கிறது' என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சு நோய், ஆஸ்துமா இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

4. சுழியோடி ஒரு நாளுக்குள் மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, தோலில் தடிப்பு, காலில் பலவீனம், வழக்கமில்லாத களைப்பு எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக 'சுழியோடினேன்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டொக்டருக்குத் தெரிய வழியில்லை. ஒட்சிசனும், தேவைப்பட்டால் அழுத்த அறைச் சிகிச்சையும் இதற்கு மருந்து. சித்தாலேப இல்லை. அந்த நிலையில் மேலும் மலை ஏறவே கூடாது.

5. சுறாவைக் கண்டால் அமைதியாக இருங்கள். துரத்தாதீர்கள், தீனி போடாதீர்கள். பார்த்துவிட்டு அல்லாஹ்வின் படைப்பை நினைத்துக்கொண்டு வாருங்கள்.

பையன் பரீட்சையில் பாஸ். இந்த சீசனுக்கும் நிலாவெளிக்குத்தான் போயிருக்கிறான். அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டான்; எழுதிக் கொடுத்தேன். சிலிண்டர் அடுக்கும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். அங்கே வேலைக்கு வந்திருக்கிற பதுளைப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பதுளையும் இதுல சேருமா?" என்று கேட்டிருக்கிறான்.

சேரும். பதுளையும் சேரும், பண்டாரவளையும் சேரும், ஹப்புத்தளையும் சேரும். அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.